போய்ச் சேர வேண்டும், பிறகு அவிழ வேண்டும்: புரோபயாடிக்குகளின் மேலுறையும் குடல் அழற்சி நோயும்

உயிருள்ள நல்ல பாக்டீரியாக்களை அடக்கிய புரோபயாடிக் மாத்திரைகளின் பெட்டிகளில் நூறு கோடி, ஆயிரம் கோடி என்று பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் குப்பிக்குள் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்களைக் குறிக்கிறதே தவிர, பெருங்குடலுக்கு உயிரோடு போய்ச் சேரும் பாக்டீரியாக்களைக் குறிக்கவில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவில் ஆறேழு மீட்டர் நீளமுள்ள உணவுப்பாதை கிடக்கிறது. அந்தப் பாதையே உள்ளே நுழையும் நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்று அமைந்தது. இந்த இழப்பு உடல்நலத்தோடு இருப்பவருக்குப் பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். நாள்பட்ட குடல் அழற்சியால் வதைபடுபவருக்கு, சிகிச்சை வேலை செய்ததா இல்லையா என்ற கேள்வியே இங்குதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியாவுக்கு மேலுறை பூசும் ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியதற்குக் காரணமும் இதுதான்.

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. அது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சுவரை மேல்நோக்கிப் பற்றிக்கொண்டே போகும். மற்றொன்று க்ரோன் நோய். அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றும், குடற்சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவும். பரில் க்ரோன் தம் சகாக்கள் இருவருடன் 1932இல் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இரண்டுமே முழுதாகக் குணமாகாதவை. தணிவதும் மீண்டும் தலைதூக்குவதுமாக வாழ்நாள் முழுக்கத் தொடர்பவை. வெளியே கிளம்புவதற்கு முன்பே போகும் வழியில் கழிப்பறைகள் எங்கெங்கே உள்ளன என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளும் நிலை, நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் பலருக்கு வாய்க்கிறது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, எடை இழப்பு, ஓயாத களைப்பு என்று பாடப்புத்தகம் பட்டியலிடும் அறிகுறிகளைவிட அந்த மனக்கணக்கு நோயின் பாரத்தை நன்றாகச் சொல்லும் என்பது என் எண்ணம்.

இப்போது கைவசம் உள்ள மருந்துகள் பெரும்பாலும் அழற்சியையோ நோய் எதிர்ப்பு மண்டலத்தையோ அடக்குபவை. மெசாலமின், ஸ்டீராய்டுகள், அசதியோபிரின், 1998இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃபிளிக்ஸிமாப், அதன் வழிவந்த உயிரிமருந்துகள் ஆகியவை பலரின் வாழ்க்கையை மீட்டுக் கொடுத்திருக்கின்றன. ஆனால் நோயின் இன்னொரு முகத்தை இவை நேரடியாகத் தொடுவதில்லை. அழற்சி உள்ள குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே உருமாறிக் கிடக்கிறது. குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி போன்ற இனங்கள் குறைந்துபோகின்றன; ஆக்சிஜனைத் தாங்கக்கூடிய, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் குடும்பத்தினர் பெருகுகின்றனர். இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா விளைவா என்பது முழுதாகத் தீர்ந்த வழக்கல்ல. பெரும்பாலும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் என்றே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். நல்ல பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்து அந்தச் சுழலை உடைக்க முடியுமா என்பதே புரோபயாடிக் சிகிச்சையின் அடிப்படை.

இந்த எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. முதல் உலகப் போரின்போது, கூட இருந்தவர்கள் வயிற்றுக் கடுப்பால் விழுந்துகொண்டிருக்க, ஒரு படைவீரர் மட்டும் நோய் தாக்காமல் இருந்ததைக் கவனித்த ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸில், அவருடைய மலத்திலிருந்து 1917இல் ஓர் ஈ.கோலை வகையைப் பிரித்தெடுத்தார். ஈ.கோலை நிஸில் 1917 என்ற பெயரில் அது இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது. பெருங்குடல் புண் அழற்சி தணிந்த நிலையில் இருந்த 327 பேரிடம் ஓராண்டு நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நிஸில் வகையை உட்கொண்டவர்களுக்கும் மெசாலமின் உட்கொண்டவர்களுக்கும் நோய் மீண்டும் வந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. பெருங்குடலை அகற்றிய பின் சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொண்டு அறுவை மருத்துவர்கள் அமைக்கும் பையில் வரும் அழற்சிக்கு எட்டு வகை பாக்டீரியாக்களின் கலவையைக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒன்பது மாதங்களில் கலவையை உட்கொண்ட 20 பேரில் 3 பேருக்கும், வெற்று மருந்து உட்கொண்ட 20 பேரில் அத்தனை பேருக்கும் நோய் திரும்பியது. இவ்வளவு தெளிவான வேறுபாடு இந்தத் துறையில் அரிது.

இவற்றுக்கு வெளியே கிடைத்த முடிவுகள் கலங்கலானவை. க்ரோன் நோயில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அமெரிக்க இரைப்பை-குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், க்ரோன் நோய்க்கும் பெருங்குடல் புண் அழற்சிக்கும் மருத்துவ ஆய்வுகளின் வரம்புக்குள் மட்டுமே புரோபயாடிக்குகளைப் பயன்படுத்தலாம் என்று கூறியது. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் தோல்வியடைந்த ஆய்வுகளைத் திரும்பிப் பார்க்கும்போது ஓர் இடைவெளி உறுத்துகிறது: அந்தப் பாக்டீரியா நோயுற்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் பயன் தரவில்லையா, போய்ச் சேரவே இல்லையா என்பதைப் பெரும்பாலான ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வேறு வேறு தோல்விகள். மேலுறை ஆய்வுகளின் உண்மையான மதிப்பு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வாய்ப்பில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பாதையின் ஆபத்துகள் வரிசையாக வருகின்றன. வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 என்றால் நடுநிலை) 1.5 முதல் 3.5 வரை இருக்கும். அந்த அமிலத்தில் பல பாக்டீரியாக்களின் உட்புறமே புளித்துப்போய், புரதங்கள் உருக்குலைந்து, ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிடக்கூடும். தப்பியவற்றுக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் காத்திருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகளுக்குப் பாக்டீரியாவின் சவ்வும் ஒரு கொழுப்புப் படலம்தான். அதோடு கணையத்தின் நொதிகள். கடைசியில் பெருங்குடலை அடைந்தாலும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புதியவரை எளிதில் ஏற்பதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது: ஒரே புரோபயாடிக் கலவையை உட்கொண்டவர்களில் சிலரின் குடற்சுவரில் அது தங்கியது, சிலரிடம் தங்கவே இல்லை. மலத்தைப் பரிசோதித்து மட்டும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் உள்நோக்கியைச் செலுத்திக் குடற்சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள்.

அமிலத்திலிருந்து காக்கும் பூச்சு என்பது மருந்தியலுக்குப் புதிதல்ல. ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1884இலேயே மாத்திரைகளுக்குக் கெரட்டின் பூசிப் பார்த்தார். குடல் அழற்சி நோய்க்கான முக்கிய மருந்தே இந்த வழியில் வந்ததுதான். ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் உருவாக்கிய சல்பாசலசின் பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்களே அதன் வேதிப்பிணைப்பை அறுத்து மருந்தை விடுவிக்கின்றன. விடுவிக்கப்படும் அந்தப் பகுதியே உண்மையில் வேலை செய்கிறது என்று 1977இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிறுவிய பிறகு, அதை மட்டும் தனியே எடுத்து, பி.எச். 7 அளவில் கரையும் பூச்சுக்குள் வைத்துக் கொடுக்கும் மெசாலமின் மாத்திரைகள் வந்தன. ஆனால் மருந்து மூலக்கூறு உயிரற்றது. அது மூச்சு விடாது, உணவு கேட்காது, பிளந்து பெருகாது. பாக்டீரியாவுக்குப் பூசும்போது இந்த மூன்றும் குறுக்கே வருகின்றன.

மிகப் பழகிப்போன முறை ஆல்ஜினேட் குண்டு. பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்தால் தேன்போலக் கெட்டியான ஒரு கரைசல் கிடைக்கும். அதில் பாக்டீரியாவைக் கலந்து, ஊசிக்குழல் வழியே சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விடுவார்கள். சொட்டு நீரைத் தொட்ட கணத்திலேயே அதன் மேற்பரப்பு உறையத் தொடங்கும். சில நிமிடங்களில் கடுகளவு மிருதுவான உருண்டைகள் கிண்ணத்தின் அடியில் சேர்ந்துவிடும், விரலால் அழுத்தினால் நெளிந்து கொடுக்கும். கால்சியம் அயனி ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து ஆல்ஜினேட் சங்கிலிகள் இரண்டை, முட்டை அடுக்கும் அட்டைக் குழிகளில் முட்டை உட்கார்வதுபோல், இடையில் அமர்ந்து பிடித்துக்கொள்வதால் இந்த உறைவு நிகழ்கிறது. வெப்பமோ கடுமையான கரைப்பானோ தேவைப்படாததால் பாக்டீரியா சேதமின்றி உள்ளே அடங்குகிறது. இரைப்பையின் அமிலத்தில் குண்டு சுருங்கி இறுகும். நடுநிலையான குடல்நீரில் கால்சியம் வெளியேற, ஊதி அவிழும். சொல்லும்போது குறையே இல்லாததுபோல் தோன்றுகிறது. ஆனால் ஆல்ஜினேட் வலைக்கு ஓட்டைகள் அதிகம். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியோ மிகச் சிறியது. வெறும் ஆல்ஜினேட் தாமதப்படுத்துமே தவிர, தடுத்து நிறுத்தாது.

அடுத்த வழி, ஆயிரக்கணக்கானவற்றை ஒரே குண்டில் அடைக்காமல், ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் தனித்தனியே சட்டை தைப்பது. ஈ.கோலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மைக்ரோமீட்டர். அதன்மேல் பூசப்படும் படலம் நானோமீட்டர் கணக்கில் மட்டுமே இருக்க முடியும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. நண்டு, இறால் ஓடுகளிலிருந்து தயாராகும் கைட்டோசான் அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெறுவதால் தானாகவே வந்து ஒட்டும். அதன்மேல் எதிர்மின்னூட்டமுள்ள ஆல்ஜினேட், மறுபடி கைட்டோசான் என்று மாற்றி மாற்றி அடுக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராபர்ட் லாங்கர், அனா ஜக்லெனெக் குழுவினர் 2016இல் பேசில்லஸ் கோவாகுலன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இவ்வாறு அடுக்கடுக்காகப் பூசி, அமிலத்தையும் பித்த உப்பையும் அது கூடுதலாகத் தாங்குவதைக் காட்டினார்கள். 2019இல் ஷாங்காயின் ஒரு குழு நிஸில் வகையைக் கொழுப்புச் சவ்வால் போர்த்தியது. இந்தப் பேசில்லஸ் இனங்கள் நெருக்கடி வரும்போது தாமே தடித்த ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக்கொள்ளக்கூடியவை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்; பாக்டீரியாவுக்கு உறை போடும் கலையை இயற்கை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.

உறை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது எப்போது, எங்கே அவிழ்கிறது என்பதே கடினமான கேள்வி. அவிழாத உறைக்குள் இருக்கும் பாக்டீரியா குடலுக்குக் கல்லும் மண்ணும் போன்றதுதான்: உணவு உள்ளே வராது, அது சுரப்பது வெளியே போகாது, பெருகவும் முடியாது. பூச்சே நஞ்சாகவும் கூடும். கைட்டோசானுக்கு நுண்ணுயிர்களைக் கொல்லும் இயல்பு உண்டு, அளவு மிஞ்சினால் காக்க வந்ததே அழித்துவிடும். பாக்டீரியா பிளந்து பெருகத் தொடங்கியதும் பிள்ளைச் செல்கள் உறையில்லாமல் பிறப்பதால் மேலுறையின் ஆயுள் இயல்பாகவே ஓரிரு தலைமுறைக்கு மட்டும்தான். அதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. பயணத்துக்குத் தேவைப்பட்ட போர்வை, வீடு சேர்ந்ததும் விலகுவதே முறை.

ஆனால் அவிழ வேண்டிய இடத்தை உறை எப்படி அறியும்? பெரும்பாலான பூச்சுகள் பி.எச். ஏற்றத்தை அடையாளமாகக் கொள்கின்றன. உடல்நலமுள்ளவரின் சிறுகுடல் முடிவில் பி.எச். 7ஐத் தாண்டுவதால் இது பொதுவாகப் பலிக்கிறது. குடல் அழற்சி நோயில் அந்த அடையாளமே தடுமாறுகிறது. தீவிர அழற்சியின்போது பெருங்குடலின் அமிலத்தன்மை வழக்கத்தைவிடக் கூடிவிடுவதை அளவீடுகள் காட்டியுள்ளன; கூடவே வயிற்றுப்போக்கு இருப்பதால், உட்கொண்டது பல மணி நேரம் தங்க வேண்டிய இடத்தை விரைந்து கடந்துவிடுகிறது. பூச்சுள்ள மெசாலமின் மாத்திரை கரையாமல் மலத்தில் முழுதாகவே வெளியேறுவதை நோயாளிகள் மருத்துவரிடம் சொல்வது புதிதல்ல. உயிருள்ள மருந்துக்கும் அதே கதி நேரலாம். ஆரோக்கியமான எலியிடமும் கண்ணாடிக் குவளையிலுள்ள செயற்கைக் குடல்நீரிலும் சோதித்துத் தேறிய உறை, அது யாருக்காகத் தயாரானதோ அவருடைய குடலில் தேறும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அதனால்தான் அண்மைக்கால ஆய்வுகள் காப்பதோடு நிற்காமல், ஒட்டிக்கொள்வதற்கும் அழற்சியைத் தணிப்பதற்கும் உறையையே பயன்படுத்தப் பார்க்கின்றன. குடற்சுவரின் மேல் உள்ள சளிப்படலம் பெருங்குடலில் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளடுக்கில் பாக்டீரியா நுழையாது என்பது சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2008இல் காட்டிய உண்மை. பெருங்குடல் புண் அழற்சியில் அந்த உள்ளடுக்கு மெலிந்து வழிவிடுகிறது. அதே இடத்தில் வெள்ளணுக்கள் கொட்டும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களை அரிக்கின்றன. கொண்டுபோய்ச் சேர்க்கும் பாக்டீரியாவும் அவற்றில் அடிபடும். 2022இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை இரு வகையில் எதிர்கொண்டன. ஒன்றில், சீனாவின் சூச்சோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்யும் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற இரு நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்கும்படி நிஸில் வகையின் மரபணுவைத் திருத்தி, அதன்மேல் கைட்டோசானும் ஆல்ஜினேட்டும் பூசினார்கள். மற்றொன்றில், அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் குவான்யின் ஹூவின் குழு மரபணுவைத் தொடவில்லை. பாக்டீரியாவின் மேல் நார்எபிநெஃப்ரின் படலம் ஒன்றைப் பூசி, ஹயலுரோனிக் அமிலமும் கந்தகம் கொண்ட ஒரு பாலிமரும் சேர்ந்த நானோதுகள்களை அதன் முதுகில் மூட்டைபோல் ஏற்றினார்கள். படலம் சளியில் ஒட்ட உதவுகிறது. மூட்டையிலுள்ள கந்தகம் அரிக்கும் மூலக்கூறுகளைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளில் இரண்டுமே பூச்சில்லாத பாக்டீரியாவைவிட நன்றாகப் பயனளித்தன.

எலிகளில் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற உப்பைக் குடிநீரில் கலந்து கொடுத்து எலியின் பெருங்குடல் உட்சுவரைப் புண்ணாக்குவார்கள். ஒரு வாரத்தில் இரத்தம் கலந்த பேதி வரும், குடல் நீளம் குறுகும். நீரை மாற்றினால் எலி தானாகவே தேறத் தொடங்கும். மனிதருக்கு வரும் நோய் அப்படித் தேறுவதில்லை. அது இரசாயனப் புண் அல்ல. மரபும் நோய் எதிர்ப்பும் நுண்ணுயிர்களும் பின்னிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் புகைவது. எனவே எலிகளின் குடல் நீளம் காக்கப்பட்டது என்ற முடிவை, உறை தன் வேலையைச் செய்தது என்பதற்கான சான்றாக ஏற்கலாம். நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று வாசிப்பது, காத்திருக்கும் நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கு.

பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும் மேலுறையோடு கூர்மையாகிறது. கடுமையான கணைய அழற்சியில் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2008இல் வெளியானபோது, புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். அது வேறு நோய், வேறு சூழல்; ஆனாலும் நல்ல பாக்டீரியா எந்த உடலிலும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்தது. சுவர் கிழிந்த குடலில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் எடுத்துக்கொள்பவரிடம், அதிக எண்ணிக்கையில் உயிரோடு சேர்வதும் சளியில் இறுக ஒட்டுவதும் நன்மையைப் போலவே ஆபத்தையும் பெருக்கக்கூடியவை. இத்துறை பெரிதும் சார்ந்திருக்கும் நிஸில் வகையிலேயே, டி.என்.ஏவைச் சிதைக்கும் கோலிபாக்டின் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதி இருக்கிறது. நீண்டகாலப் பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கு ஏற்கெனவே பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தத் தொகுதியை நீக்கிய வகைகளையே இனி உறையிட வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு.

உறையிடும் நுட்பம் இதுவரை எளிதாக வளரும் பாக்டீரியாக்களையே சுற்றிவந்திருக்கிறது. ஆனால் நோயாளியின் குடலில் காணாமல்போனவை ஃபீக்கலிபாக்டீரியம் போன்றவை. காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் மடிபவை. இவற்றுக்கு இரைப்பை அமிலத்துக்கு முன்பே, குப்பியைத் திறக்கும் கணமே முதல் ஆபத்து. ஆக்சிஜனை உள்ளே விடாத, உறைய வைத்து உலர்த்தும்போதும் உடையாத ஓர் உறை கிடைத்தால், இதுவரை மாத்திரையாக்கவே முடியாதிருந்த இனங்கள் நோயாளிக்குக் கிட்டும். மேலுறை ஆய்வில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்தப் பக்கம்தான்.

மனிதரிடம் நடக்கப்போகும் ஆய்வுகள் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். உறையிட்ட பாக்டீரியா, உறையிடாத அதே பாக்டீரியா, பாக்டீரியா இல்லாத வெறும் உறை, வெற்று மருந்து என்று நான்கு தரப்பாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். ஆல்ஜினேட், கைட்டோசான், ஹயலுரோனிக் அமிலம் ஆகியவற்றுக்கே குடலில் சொந்த விளைவுகள் இருக்கக்கூடும் என்பதால் மூன்றாவது தரப்பை விட்டுவிட முடியாது. அதோடு, மலத்தில் எத்தனை பாக்டீரியா வந்தது என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அழற்சியுள்ள சுவரிலிருந்தும் அழற்சியில்லாத சுவரிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு தங்கியது என்பதை நோயாளிவாரியாகப் பதிய வேண்டும். பாக்டீரியா தங்கியவர்களிடமும் புண் ஆறவில்லை என்றால், தேர்ந்தெடுத்த இனம் தவறு என்று உறுதியாகச் சொல்லி அடுத்த இனத்துக்குப் போகலாம். தங்காதவர்களிடம் மட்டும் ஆறவில்லை என்றால், உறையைத்தான் திருத்த வேண்டும்.